தூக்கும் கயிறா, தூக்குக் கயிறா?

தோழரே,

குற்றாலத்தைத் திரிகூடமலை என்று அழைத்தனர் நம் புலவர் பெருமக்கள். அதே பெயரில் வடக்கேயும் ஒரு மலை உண்டு. ஜார்க்கண்ட் மாநிலத்தில், தேவ்கர் நகருக்கு அருகே. திரிகூட் என்கின்றனர் அங்கு. நம் திரிகூடமலை அருவியால் புகழ் கொண்டது. அந்தத் திரிகூடமோ, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நாடறிந்த பெயராயிற்று; அருவியால் அல்ல, அந்தரத்தில் தொங்கிய மக்களால்!

ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை. இராமநவமி. விடுமுறை நாளில் மலைமுடி காண விரும்பி ரோப்காரில் ஏறிய குடும்பங்கள், பாதி வழியில், பள்ளத்தாக்கின் மேலே நின்றுபோன பெட்டிகளில் சிக்கிக்கொண்டன. கீழே பாறை; மேலே வெயில்; இரவு வந்தால் இருட்டு. குழந்தை தண்ணீர் கேட்கிறது. தாயின் கண்ணில்தான் தண்ணீர் இருக்கிறது. முதலில் ஓடி வந்தது எந்தப் படையும் அல்ல. அந்த ரோப்கார் நிலையத்தில் வேலை பார்த்த உள்ளூர்த் தொழிலாளி ஒருவர், கம்பியில் தொற்றி ஏறி, கயிறும் பட்டையும் கொண்டு சிலரைத் தரைக்கு இறக்கினார். மறுநாள் விமானப் படை வந்தது. ஹெலிகாப்டர்கள் வந்தன. கதவோரத்துக் கயிறுகள் இறங்கின. ஒருவர், இருவர், ஐவர், பதின்மர் என்று மக்கள் மேலே சென்றனர். கீழே நின்ற கூட்டம் கை தட்டிற்று.

அந்தக் கைதட்டல் நடுவில் நின்றது, தோழரே! ஏப்ரல் 11 மாலை. ஒருவரைத் தூக்கிவிட்டனர், ஹெலிகாப்டரின் கதவு வரைக்கும் கொண்டுவந்துவிட்டனர், உள்ளிருந்த வீரனின் கைக்கும் அவருடைய உடலுக்கும் இடையே முழத் தொலைவுதான். அந்த முழத் தொலைவில் நழுவினார், விழுந்தார், மாண்டார். மறுநாள் ஒரு பெண்மணி. அவரைத் தூக்குகையில் கயிறு அறுந்தது. இரண்டு நாள் பெட்டிக்குள் பசியும் தாகமும் பொறுத்து உயிரைக் காத்துக்கொண்டவர்கள், காக்க வந்த கயிற்றிலிருந்து விழுந்து இறந்தனர். கைப்பேசித் திரையில் நாடே கண்ட காட்சி இது. நாடே ஒருநாள் பதறிற்று. அடுத்த வாரம் நாடு வேறொரு காட்சிக்குத் தாவிற்று.

விமானப் படையினரைக் குறைகூற நான் எழுதுகோல் எடுக்கவில்லை. கம்பிவடங்களுக்கு நடுவே, பாறைச் சுவருக்குப் பக்கத்தில், சுழலும் இறக்கையை வைத்துக்கொண்டு அசையாது நிற்பது விளையாட்டல்ல. இறக்கை ஒரு வடத்தில் உரசினால், மீட்க வந்தவர்களே மீட்கப்பட வேண்டியவர்களாகியிருப்பர். அவர்கள் வீரத்தை வணங்குகிறேன். ஆனால், வீரத்தை வணங்கிவிட்டால் கயிற்றைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை என்று எண்ணுகிறார்களே, அந்த எண்ணத்தைத்தான் வணங்க மறுக்கிறேன். வீரன் சிங்கமாக இருக்கலாம். அவன் கையிலுள்ள கயிறு நைந்திருந்தால் சிங்கத்தால் என்ன செய்ய முடியும்?

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான், பொறியியல் கற்றவனல்லன். எனக்குத் தெரிந்த கயிறு, நாடகக் கொட்டகைக் கயிறு. பழைய புராண நாடகங்களில் நாரதர் வானத்திலிருந்து இறங்குவார். அவை சிலிர்க்கும். நாரதருக்கு மாலை விழும். அந்த நாரதரைக் கயிற்றில் கட்டி இறக்கிய ஆளுக்கு மாலை விழுந்ததாக எந்தக் கொட்டகையிலும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மூத்த நடிகர்கள் சொல்லுவர்: நாரதர் வேடம் கட்டுகிறவர் நாள்தோறும் மேடைக்கு ஏறுமுன் முதலாளியைப் பார்க்காமல் போவார், அந்தக் கயிற்றுக்காரரைப் பார்க்காமல் போகமாட்டார்.

அந்தக் கயிற்றுக்காரரைப் பற்றித்தான் இன்றைய கட்டுரை.

ஹெலிகாப்டரின் கதவுக்கு மேலே, பக்கவாட்டில், ஒரு பொறி பொருத்தியிருப்பர். வின்ச் என்பர் வழக்கில். மனிதரைத் தூக்கும் பொறி ஆதலால் தூக்குப்பொறி என்றே சொல்லுவோம். உள்ளே ஓர் உருளை. உருளையில் சுற்றிய எஃகுக் கயிறு. கயிற்றின் நுனியில் கொக்கி. உலகில் பரவலாக வழங்கும் வகையில் அந்தக் கயிற்றின் பருமன் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. நீங்கள் எழுதும் பென்சிலைவிட மெல்லியது. பார்த்தால் ஒரே கம்பி. பிரித்தால் 133 இழைகள்! ஏழு இழையை முறுக்கி ஒரு புரி. அத்தகைய புரிகள் 19. தூக்கும்போது மனிதர் பம்பரமாய்ச் சுற்றாதிருக்கும் பொருட்டு, உட்புரிகளை ஒரு பக்கமும் வெளிப்புரிகளை மறுபக்கமும் முறுக்கியிருக்கின்றனர். இவ்வகைப் பொறி தூக்க அனுமதி பெற்ற எடை பெரும்பாலும் 272 கிலோ. புதுக் கயிறு தாங்கும் வலிமையோ ஏறத்தாழ 1,500 கிலோ. ஐந்து மடங்கு! ஏன் இத்தனை மிகுதி? ஹெலிகாப்டர் காற்றில் திடுமென எழும்பினால், அலை படகைத் திடுமென இழுத்தால், ஒரு கணத்து வெட்டிழுப்பில் எடை பன்மடங்காகும், அதற்காக.

'ஐந்து மடங்கு வலிமை இருக்கையில் அச்சம் எதற்கு?' என்று கேட்பீர்கள். அந்த வலிமை புதுக் கயிற்றுக்குரியது, தோழரே. கடல்மேல் பறந்து வந்த கயிற்றில் உப்பு ஏறும். நன்னீரில் கழுவித் துடைத்து உலர்த்தாவிடில் உப்பு உள்ளே போய் அமர்ந்து அரிக்கும். ஒருமுறை மடங்கி நெளிந்த கயிறு, நிமிர்த்தினாலும் நிமிராது. நெளிந்த இடத்தில் வலிமை போய்விடும். உருளையில் தளர்வாகச் சுற்றினால், அடுத்த சுமையில் மேற்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புகுந்து நசுக்கும். கப்பலின் கைப்பிடிச் சுவரில் உரசினால் வெளி இழை தேயும். இத்தனைக்குப் பிறகும், தூரத்திலிருந்து பார்த்தால், கயிறு பளபளவென்றே இருக்கும்!

ஆகவே அதைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. கயிறு முழுவதையும், கடைசிச் சுற்று வரை, உருவி இறக்க வேண்டும். பருத்தித் துணியால் பற்றி, அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். எங்கேனும் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் துணியில் ஒரு நூல் சிக்கும். அந்த நூல் சிக்குகிறதே, அதுதான் எச்சரிக்கை. பருமனை அளக்க வேண்டும். கொக்கியின் தாழ் தானே பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை முறை தூக்கினோம் என்று ஏட்டில் குறிக்க வேண்டும். குறித்த எண்ணிக்கை முடிந்ததும், இழை ஒன்றுகூட அறாதிருந்தாலும், கழற்றி எறிய வேண்டும். 'நன்றாகத்தானே இருக்கிறது!' என்னும் பேச்சுக்கு இந்தத் தொழிலில் இடமே கிடையாது.

இன்னொன்றும் உண்டு, கேட்டால் நெஞ்சு திடுக்கிடும். கயிற்றைத் துண்டிக்க ஒரு வெடிகுப்பியும் அந்தப் பொறியிலேயே வைத்திருப்பர். கொக்கி மரத்திலோ பாய்மரத்திலோ மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டரையே கீழே இழுக்குமானால், பொத்தானை அழுத்துவர், கயிறு துண்டாகும், ஹெலிகாப்டர் தப்பும். கயிற்றில் மனிதன் இருந்தால்? இருந்தாலும்தான்! மேலே உள்ள நால்வரும் கீழே உள்ள ஒருவரும் சேர்ந்து மடிவதைவிட என்ற கொடுங்கணக்கு அது. கயிற்றில் தொங்கி இறங்கும் மீட்பு வீரனுக்கு இக்கணக்கு தெரியும். தெரிந்தே இறங்குகிறான். அத்தகையவனுக்கு நைந்த கயிற்றைக் கொடுப்பவனை என்னவென்பது?

தூக்குப்பொறியின் வரலாறு தொடங்கியதே ஒரு பழுதோடுதான். 1945 நவம்பர் 29. அமெரிக்காவின் கனெக்டிகட் கடலோரம். புயலில் பாறைத் திட்டில் சிக்கிய எண்ணெய்ப் படகு, அதில் இருவர். சிக்கார்ஸ்கி நிறுவனத்து ஹெலிகாப்டரை ஜிம்மி வைனர் என்பார் ஓட்டிச் சென்றார். உலகில் முதன்முதலாகத் தூக்குப்பொறி கொண்டு குடிமக்களைக் காத்த நிகழ்ச்சி அது. முதலாமவர் ஏறிவிட்டார். இரண்டாமவரைத் தூக்குகையில் பொறி சிக்கிக்கொண்டது! உள்ளே இழுக்கவும் முடியவில்லை, கீழே விடவும் முடியவில்லை. வெளியே தொங்கவிட்டபடியே கரைக்குக் கொண்டுபோய் இறக்கினர். பிழைத்தார். எண்பது ஆண்டுகளாகிவிட்டன, பொறி எவ்வளவோ திருந்திவிட்டது, அடிப்படை அச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஐரோப்பாவில் நடந்ததைக் கேளுங்கள். தூக்குப்பொறிக்குள் கிளட்ச் ஒன்று உண்டு. கயிறு எங்காவது மாட்டி, தாங்க முடியாத பாரம் இழுத்தால், கிளட்ச் நழுவி, கயிற்றை ஓடவிட்டு, ஹெலிகாப்டரைக் காக்கும். நல்ல ஏற்பாடு! ஆனால் ஒரு ஹெலிகாப்டரில், பராமரிப்புச் சோதனையின்போது, ஏறத்தாழ 250 கிலோ எடையுள்ள சோதனைச் சுமையை மாட்டியிருந்தனர். அனுமதித்த அளவுக்குள்தான் எடை. யாரும் 'இறக்கு' என்று கட்டளையிடவில்லை. கயிறு தானே ஓடிற்று. முழு நீளமும் ஓடி இறங்கிற்று! பாரம் மிகுந்தால் நழுவ வேண்டிய கிளட்ச், பாரம் அளவோடு இருக்கையிலேயே நழுவிவிட்டது. காப்பதற்கென்று வைத்த உறுப்பே கவிழ்க்கும் உறுப்பாயிற்று. தொங்கியது இரும்புச் சுமை. ஆகவே யாரும் அழவில்லை. ஆயினும், ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, 'ஆள் சாகவில்லையே' என்று சும்மா இருந்ததா? இல்லை. 2015இல் கட்டளை பிறப்பித்தது: அவ்வகைப் பொறிகளின் கிளட்சைச் சோதனை செய், தேறாததை மாற்று, மாற்றும்வரை அதில் மனிதரைத் தூக்காதே! அந்தக் கட்டளையைப் பிற்பாடு பன்முறை திருத்தி விரித்தது.

இரும்புச் சுமை விழுந்ததற்கே கட்டளை. இங்கே, மனிதர் விழுந்த பிறகும் மௌனம்.

பொறி நன்றாயிருந்து, பொருத்தமற்றதைப் பூட்டினாலும் இதே கதிதான். 2013இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைப் பகுதியில், கணுக்காலில் அடிபட்ட ஒருவரை, கக்கத்தில் மாட்டும் பட்டை வளையத்தில் தூக்கினர். கதவருகே வந்ததும் வளையத்திலிருந்து வழுக்கி விழுந்து இறந்தார். கயிறு அறவில்லை, கொக்கி திறக்கவில்லை. அந்நாட்டு ஆய்வுக் குழு ஊன்றி ஆராய்ந்து, அத்தகைய வளையம் எல்லா உடலுக்கும் பொருந்தாது என்று எடுத்துரைத்தது. அறிக்கையை ஊரறிய வெளியிட்டது. 2019 அக்டோபரில் ஜப்பானில் ஹகிபிஸ் புயல். இவாக்கி நகரில் மூதாட்டி ஒருவரைத் தூக்கினர்; கொக்கியை மாட்ட மறந்துவிட்டனர்; நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். அன்றைக்கே டோக்கியோ தீயணைப்புத் துறை அதிகாரிகள் நாட்டின் முன்னே வந்து, தலை தாழ்த்தி, 'எங்கள் தவறு' என்றனர். குற்றத்தை ஏற்றதால் அந்தத் துறை கவிழ்ந்துவிடவில்லை. அடுத்த புயலிலும் அவர்களைத்தான் அந்த மக்கள் நம்பினர்.

இனி, ஒரு சிறு காட்சி. கற்பனைதான், என் தொழில் அது.

இரவு. விமானக் கொட்டகை. துணியோடு நிற்கிறான் தொழில்நுட்பப் பணியாளன். அதிகாரி வருகிறார்.

"முடிந்ததா?"

"முடியவில்லை ஐயா. நூல் சிக்குகிறது. இருபதாவது மீட்டரில் ஓர் இழை அறுந்திருக்கிறது. கயிற்றை மாற்ற வேண்டும்."

"மாற்றுக் கயிறு?"

"கேட்டு எழுதியிருக்கிறோம். வரவில்லை."

"புயல் நாளைக் காலையில் கரையைத் தொடுகிறது. கடலில் மீனவர்கள் இருக்கிறார்கள். ஓர் இழைதானே? இன்னும் 132 இருக்கின்றன!"

தோழரே, அந்த அதிகாரி தீயவரா? அல்லர். மீனவர் உயிருக்காகத்தான் துடிக்கிறார். அந்தப் பணியாளன் கோழையா? அவனும் அல்லன். மீனவர் உயிருக்காகத்தான் மறுக்கிறான். இருவரும் நல்லவர்கள், இருவருக்கும் நடுவே ஒரு கொலை நடக்கக் காத்திருக்கிறது. கொலையாளி அந்தக் கொட்டகையில் இல்லை! 'மாற்றுக் கயிறு தேவை' என்னும் காகிதத்தின்மீது மற்றொரு காகிதத்தை வைத்துவிட்டு மாலைத் தேநீருக்கு எழுந்து சென்ற மேசையில் இருக்கிறான்.

இந்த இக்கட்டு வெறுங் கற்பனையென்று எண்ணாதீர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் தாக்கியபோது, நூற்றுக்கணக்கான மீனவர் கடலில் மாண்டனர், மறைந்தனர். 'தேட வந்தது போதாது, வந்தது காலத்தில் வரவில்லை' என்று கரையில் நின்று கதறினர் குடும்பத்தார். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைச் சீமை நீரில் மிதந்தபோது, தரைவழி அற்ற ஊர்களுக்கு வானவழி ஒன்றே மிஞ்சிற்று. கயிற்றைச் சோதிக்க நிறுத்தினாலும் உயிர் போகக்கூடும். சோதிக்காமல் பறந்தாலும் உயிர் போகக்கூடும் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. எதிர்வாதம் செய்வோர் இங்கேதான் பிடிப்பார்கள்.

துருவ் ஹெலிகாப்டர் கதையைப் பாருங்கள். நம் நாட்டில், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்தது. 2024 செப்டம்பர் 2 அன்று, போர்பந்தருக்கு அப்பால், எண்ணெய்க் கப்பலில் காயமுற்ற மாலுமியைக் காக்க இரவில் சென்ற கடலோரக் காவல்படையின் துருவ் கடலில் விழுந்தது, மூவரை விழுங்கிற்று. 2025 ஜனவரி 5 அன்று அதே போர்பந்தரில் இன்னொன்று விழுந்தது, மீண்டும் மூவர். ஆய்ந்தபோது, இறக்கைகளின் சாய்வை ஆளும் ஸ்வாஷ்பிளேட் என்னும் உறுப்பு முறிந்திருந்தது தெரிந்தது. முப்படையிலும் காவல்படையிலும் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட துருவ்கள் அத்தனையும் தரையிறக்கப்பட்டன. 'நாட்டுக்கு அவமானம்!' என்றனர் சிலர். அவமானமா? பழுது என்று தெரிந்ததும் நிறுத்தியது பெருமை! ஆனால், கேளுங்கள்: ஒரே உறுப்பு முறிந்ததால் ஒரு நாட்டின் மீட்புக் கரம் பல மாதம் முடங்கும் அளவுக்கு, மாற்று இல்லாமல் வைத்திருந்தது யார் செய்த வேலை?

பழனியில் ரோப்காரை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாதம் நிறுத்துகிறார்கள். பக்தர்கள் முணுமுணுக்கிறார்கள். 2007இல் அங்கு நேர்ந்த விபத்தில் பறிபோன உயிர்களை எண்ணிப் பார்த்தவர்கள் முணுமுணுப்பதில்லை. வடத்தை ஆய்ந்து, தேய்ந்த உருளையை மாற்றி, பெட்டியில் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்து, பிறகே மனிதரை ஏற்றுகின்றனர். அந்த ஒரு மாதமும் மலைக்குப் போக வழியில்லையா? விஞ்ச் இருக்கிறது, படி இருக்கிறது. மாற்று வழி இருப்பதால் நிறுத்த முடிகிறது. கடலில் தத்தளிக்கிறவனுக்குப் படியும் இல்லை, பாதையும் இல்லை. அவனுக்கு மாற்று வழி, கிடங்கில் தயாராக இருக்கும் இரண்டாவது தூக்குப்பொறி ஒன்றுதான்.

அந்த இரண்டாவது பொறி கிடங்கில் இருக்கிறதா என்பது பொறியாளரின் கேள்வியல்ல. வரவுசெலவுத் திட்டத்தின் கேள்வி. உலகின் மீட்புத் தூக்குப்பொறிகளில் பெரும்பகுதியைச் செய்வோர் அமெரிக்க நாட்டின் இரண்டு நிறுவனத்தார். எழுதிப் போட்டால் மறுநாள் வந்துவிடும் சரக்கு அல்ல அது. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். ஆனால் மாற்றுக் கயிறு வாங்கினால் திறப்பு விழா உண்டா? நாடா வெட்ட முடியுமா? படம் பிடிக்க முடியுமா? புது ஹெலிகாப்டர் வாங்கினால் அமைச்சர் அருகில் நின்று கையசைக்கலாம். கயிற்றுச் சுருளின் அருகே நின்று எவர் கையசைப்பார்?

சட்டத்திலும் ஒரு சந்து இருக்கிறது. தனியார் ஹெலிகாப்டருக்கு, தயாரித்த நாடு 'இதை மாற்று' என்று ஆணையிட்டால், நம் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அதை நிறைவேற்ற வைக்கும். படைகளின் ஹெலிகாப்டருக்கு அந்த இயக்ககத்தின் ஆணை செல்லாது. பாதுகாப்புத் துறையின் சொந்த அமைப்புகளே சான்று தருகின்றன. வெள்ளத்தில் நம்மைத் தூக்க வருவது பெரும்பாலும் எந்த ஹெலிகாப்டர்? படைகளுடையது! கேட்டால், 'பாதுகாப்பு இரகசியம்' என்பார்கள். எல்லையில் எத்தனை பீரங்கி என்றா கேட்கிறோம்? பெண்ணையும் பிள்ளையையும் கூரையிலிருந்து தூக்கும் கயிறு எப்போது மாற்றப்பட்டது என்று கேட்கிறோம். நைந்த கயிற்றை மறைத்து எந்தப் பகைவனை ஏமாற்றப் போகிறார்கள்?

2018 ஆகஸ்ட் 17 அன்று, கேரள வெள்ளத்தில், ஆலுவா அருகே, நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைக் கடற்படை ஹெலிகாப்டர் தூக்கிற்று. கயிற்றில் அவர் சுழன்று சுழன்று மேலே சென்ற காட்சியைக் கண்டவர் மூச்சை அடக்கினர். அன்றே மகனைப் பெற்றார். பின்னர் ஒரு வீட்டுக் கூரையில் 'நன்றி' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி வைத்தனர் அவ்வூரார். ஓட்டிய வீரருக்குப் பதக்கமும் கிடைத்தது, பொருத்தமே. அந்தக் கயிற்றைத் துணியால் தடவிப் பார்த்துக் கையெழுத்திட்டவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

வட்டத்துக்கு வட்டம் படிப்பகம் வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு கூட்டம் போடுகிறோம். இந்த வாரக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. அதற்குமுன் உங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சென்று காணுங்கள். எந்தக் கட்சிக்காரராயினும் காணுங்கள். தொங்குகிறவனைக் கயிறு கட்சி கேட்பதில்லை. நம் கடற்கரைக்கும் மலைகளுக்கும் மீட்புக்கு அனுப்பப்படும் ஹெலிகாப்டர்களின் தூக்குப்பொறிகளில், கடந்த ஓராண்டில் எத்தனை முழுச் சோதனைக்கு உட்பட்டன என்று அவர் அவையில் கேட்கட்டும். தேறாதவை எத்தனை, அவற்றுள் மாற்றப்பட்டவை எத்தனை, மாற்றுப் பொறி வரும்வரை அந்த ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார்களா, நிறுத்தினார்களா என்று கேட்கட்டும். 'பறக்காதே' என்று எழுதிய பணியாளனை மேலதிகாரி மீறிய நிகழ்ச்சி உண்டா, உண்டெனில் அந்தப் பணியாளன் இப்போது எந்த ஊருக்கு மாற்றப்பட்டிருக்கிறான் என்றும் கேட்கட்டும்.

விடை எழுத்தில் வரும். வந்ததும் படியெடுத்து நம் ஏட்டுக்கு அனுப்புங்கள்.